தினமும் இடுப்பில் வைக்க ஒரு சின்ன பிஸ்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே இருக்கிறேன். பல வருடமாகத் தினமும் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்கிறேன். கிரீன் கார்டு கிடைத்த கையோடு "நானும் ஒன்று வாங்கலாமா, எது வாங்குவது" என்று கேட்கும் நம் ஆட்களிடம் ஒரே விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறேன், அதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இது முழுக்க அமெரிக்காவில் இருப்பவர்களுக்கானது.

எச்-1பி விசாவில் இருக்கிறேன், வாங்க முடியுமா?

முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாமே தற்காலிக விசா வகை. இந்த விசாக்களில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு என்று அதே சட்டத்தில் இருப்பது உண்மைதான், அதைக் காட்டி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மீறினால் 15 வருடம் வரை சிறை, அதோடு உங்கள் குடியேற்ற வழக்கும் முடிந்தது. ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பேசாமல் அந்த வழியில் இறங்காதீர்கள். "வாங்கவில்லை, நண்பர் துப்பாக்கியை ரேஞ்சில் இரண்டு தடவை சுட்டேன்" என்பதும் பாதுகாப்பான பேச்சு இல்லை, கையில் வைத்திருப்பதே சட்டத்தின் பார்வையில் உடைமைதான்.

கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், கடைக்காரர் பின்னணிச் சோதனை செய்வார். பெரும்பாலும் சில நிமிட வேலைதான்.

டெக்சாஸில்தான் லைசென்ஸ் தேவையில்லையே, பிறகு எதற்கு எடுக்க வேண்டும்?

2021 செப்டம்பர் 1 முதல் இங்கே 21 வயதான, சட்டத்தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே எடுத்துச் செல்லலாம், சரி. இப்படி 29 மாநிலங்கள் இருக்கின்றன. இருந்தாலும் எடுங்கள் என்பேன், இரண்டு காரணம். பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி இருக்கக்கூடாது என்று ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது, அந்த மாநிலம் கொடுத்த லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிற ஆளுக்கு இது தினசரி விவகாரம். இரண்டாவது, பக்கத்து மாநிலத்துக்குக் காரில் போகும்போது அங்கே உங்கள் லைசென்ஸை ஏற்றுக்கொள்வார்களா என்பதுதான் கேள்வியாக வரும்.

நியூஜெர்சியில் இருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும், அங்கே நம் ஆட்கள் அதிகம். அந்த மாநிலம் வேறு எந்த மாநிலத்து லைசென்ஸையும் ஏற்பதில்லை. 2013-இல் பென்சில்வேனியாவில் முறையாக லைசென்ஸ் வாங்கியிருந்த ஒரு தாய், பாலத்தைத் தாண்டி நியூஜெர்சிக்குள் வந்து, சாதாரணப் போக்குவரத்துச் சோதனையில் நிறுத்தப்பட்டபோது தானாகவே "துப்பாக்கி வைத்திருக்கிறேன்" என்று போலீஸிடம் சொன்னார். கைது செய்து வழக்குப் போட்டார்கள். கடைசியில் 2015-இல் ஆளுநர் மன்னிப்பு கொடுத்துதான் விடுபட்டார். மாநில எல்லை என்பது இதில் நாட்டு எல்லை மாதிரி. தோட்டா அடுக்கும் மேகசினில் 10-க்கு மேல் கூடாது என்ற விதியும், நுனியில் குழி உள்ள (பட்டதும் விரியும்) தோட்டாவை வெளியே எடுத்துச் செல்லக் கட்டுப்பாடும் அங்கே உண்டு. 2022-இல் உச்ச நீதிமன்றத்தின் புரூயென் தீர்ப்பு வந்தபிறகு நியூயார்க், நியூஜெர்சி போன்ற இடங்களில் சாதாரண ஆளும் லைசென்ஸ் வாங்க முடிகிறது, ஆனால் எங்கெல்லாம் கொண்டுபோகக்கூடாது என்ற பட்டியலும் கூடவே நீண்டுவிட்டது.

எவ்வளவுக்கு எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லதுதானே?

இல்லை. முதல் துப்பாக்கி வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மறைப்பதற்குச் சின்னது சுகம். சுடுவதற்குச் சின்னது கஷ்டம். ஒரே தோட்டாவை 850 கிராம் துப்பாக்கியிலும் 400 கிராம் துப்பாக்கியிலும் போட்டுச் சுட்டுப் பாருங்கள், இலேசானது கையில் துள்ளும், உள்ளங்கையின் மேல்பக்கம் எரியும், முதல் குண்டு போனபிறகு குறிமுனை மறுபடியும் இடத்துக்கு வர நேரம் எடுக்கும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது, இரண்டு விரலால் பிடிப்பதுபோல ஆகிவிடும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறைவு என்பதால் கண்ணில் ஒரு நூல் பிசகினாலும் குண்டு அரையடி தள்ளிப் போகும். இப்படி வலிக்கிற துப்பாக்கியை யாரும் விரும்பி ரேஞ்சுக்கு எடுத்துப் போவதில்லை. மூன்று மாதத்தில் பயிற்சி நின்றுவிடும், பிறகு இடுப்பில் இருப்பது கையாளத் தெரியாத ஒரு பொருள்.

மறுபக்கமும் உண்மைதான். கிளாக் 19 மாதிரி நடுத்தர அளவுத் துப்பாக்கி சுடுவதற்கு அருமை, ஆனால் தோட்டா நிரப்பினால் முக்கால் கிலோவைத் தாண்டும், ஒல்லியான ஆள் டி-ஷர்ட்டுக்குள் வைத்தால் பிடி துருத்திக்கொண்டு நிற்கும். முதல் வாரம் ஆசையாகப் போட்டுக்கொண்டு போவார்கள், இரண்டாவது வாரம் "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போவார்கள்.

அதனால் என் கணக்கு இது: நீங்கள் ஒரு மணி நேரம் வலியில்லாமல் பயிற்சி எடுக்க முடிகிற துப்பாக்கிகளில் எது மிகச் சின்னதோ, அதுதான் உங்கள் அளவு. அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலானவர்களுக்கு அது வெற்று எடையில் அரை கிலோ பக்கத்தில்தான் வந்து நிற்கிறது.

380 போதுமா, 9 எம்எம்தான் வேண்டுமா?

இவை இரண்டும் தோட்டா வகைகள். இரண்டுக்கும் குண்டின் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். 380-இன் கூடு 17 மி.மீ., 9 எம்எம்-இன் கூடு 19 மி.மீ. நீளம். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் 9 எம்எம் அதிக அழுத்தத்தில் வெடிக்கிறது, அதனால் 380-க்கு அதன் சக்தியில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும்.

எஃப்பிஐ தன் தோட்டாக்களை ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்க்கும்போது குண்டு 12 முதல் 18 அங்குலம் உள்ளே போகவேண்டும் என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அதன் முகவர்கள் இரண்டு பேர் இறந்தபிறகு வந்த சோதனை முறை அது. நல்ல 9 எம்எம் தோட்டா 3 அங்குலக் குழலிலிருந்தே அந்த அளவைத் தொடுகிறது. 380-இல் சிக்கல் என்னவென்றால், குழி நுனித் தோட்டா விரிந்தால் ஆழம் போதாமல் நின்றுவிடும், விரியாவிட்டால் ஆழமாகப் போகும் ஆனால் விரிந்த பயன் இருக்காது. அதனால்தான் சிலர் 380-இல் தட்டை நுனியுள்ள, விரியாத தோட்டாவையே போடுகிறார்கள்.

அதற்காக 380 வீண் என்று சொல்லமாட்டேன். மூட்டுவலி உள்ளவர், விரல்பிடி குறைந்த வயதானவர், 9 எம்எம்-இன் உதையைத் தாங்கமுடியாதவர், இவர்களெல்லாம் சரியாகக் குறிபார்த்துச் சுடும் 380, பக்கத்துச் சுவரில் போய்ப்படும் 9 எம்எம்-ஐ விட எவ்வளவோ மேல். 22, 25 என்ற இன்னும் சின்னத் தோட்டாக்கள் வரை கீழே இறங்காதீர்கள். 22 தோட்டாவில் பற்றவைப்பு மருந்து விளிம்பில் இருப்பதால், நடுவில் தட்டும் தோட்டாக்களை விட இது வெடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம்.

சரி, பெயர் சொல்லுங்கள்.

2018-இல் சிக் சாவர் பி365 வந்தபோதுதான் இந்த வகையே மாறியது. அதற்கு முன் இந்த அளவில் 9 எம்எம் என்றால் கிளாக் 43 மாதிரி மேகசினில் 6 தோட்டா, அல்லது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு மாதிரி 7, 8. பி365 ஓர் அங்குல அகலத்துக்குள் 10 தோட்டாவை அடைத்தது, வெற்று எடை சுமார் 505 கிராம், குழல் 3.1 அங்குலம். மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன: 2019-இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், அதே வருடம் பிடி கொஞ்சம் நீளமான கிளாக் 43எக்ஸ், 2021-இல் ஷீல்டு பிளஸ். இந்த நான்கில் எதை வாங்கினாலும் நீங்கள் ஏமாறவில்லை. பெரிய கை என்றால் 43எக்ஸ், விசை (ட்ரிகர்) மென்மையாக வேண்டும் என்றால் ஷீல்டு பிளஸ், இரண்டும் வேண்டாம் சின்னதாக இருந்தால் போதும் என்றால் பி365.

பாக்கெட்டில் போடுவதற்கென்றே வேண்டும் என்றால் 380-க்கு வாருங்கள். 2008-இல் வந்த ரூகர் எல்சிபி-யின் எடை சுமார் 270 கிராம்தான், மேகசினில் 6 தோட்டா. அதன் தம்பி எல்சிபி மேக்ஸ் 300 கிராம், 10 தோட்டா, கண்ணுக்குத் தெரிகிற குறியும் உண்டு. 2024-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பாடிகார்டு 2.0-வும் அதே எடைக்குள் 10 தோட்டா கொடுக்கிறது. கிளாக் 42 இவற்றைவிடக் கனம், ஆனால் அந்தக் கனத்தாலேயே கையில் அமைதியாக இருக்கும். 380 வாங்குவதாக முடிவெடுத்தவர்களுக்கு எனக்குப் பிடித்தது அதுதான்.

ரிவால்வர் எளிமையானது, அடைத்துக்கொள்ளாது என்கிறார்களே?

பாதி சரி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 442, 642 போன்ற ஐந்து தோட்டா ரிவால்வர்கள் 420 கிராம் பக்கம், சட்டைப்பையில் இருந்தபடியே அழுத்தினாலும் சுடும், தளர்ந்த பிடியிலும் அடுத்த குண்டு தயாராக இருக்கும். ஆனால் அதன் விசை நீளமானது, கனமானது. அதை அசையாமல் இழுக்க மாதக்கணக்கில் பழக வேண்டும். உதையும் மோசம். "புதியவருக்கு ரிவால்வர்" என்று கடையில் சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை, குட்டி ரிவால்வர் நன்றாகப் பழகியவரின் ஆயுதம்.

என் மனைவிக்கு எது சரி?

அவரைக் கேளுங்கள், அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். நாங்கள் முதன்முதலில் போன ஒரு கடையில், என் மனைவி வாயைத் திறக்கும் முன்பே விற்பனையாளர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இருப்பதிலேயே குட்டியானதை எடுத்து நீட்டி "பெண்களுக்கு இதுதான்" என்றார். வாங்கினோம். ரேஞ்சில் இருபது குண்டு சுடுவதற்குள் கட்டைவிரல் அடியில் தோல் சிவந்துவிட்டது, அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தம்தான்.

சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது தப்புக் கணக்கு. ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் பகுதியை, பின்னால் இழுக்க முடிகிறதா, ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் சரியாகப் படுகிறதா, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும். குட்டி 9 எம்எம்-களின் ஸ்லைடு இலேசு என்பதால் அதைக் கட்டுப்படுத்த உள்ளே இருக்கும் சுருள் வில் விறைப்பாக இருக்கும், இழுக்கவே கஷ்டப்படுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஇஸட் இருக்கிறது. 2018-இல் முதலில் 380-இல் வந்தது, ஸ்லைடு வெண்ணெய் மாதிரி வரும். கொஞ்சம் பெரியதுதான், ஆனால் என் மனைவி இன்று எடுத்துப்போவது அதைத்தான்.

பெரும்பாலான ரேஞ்ச்களில் வாடகைக்குத் துப்பாக்கி கிடைக்கும். நாலைந்தை எடுத்து ஒவ்வொன்றிலும் 50 குண்டு சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

சேஃப்டி லிவர் வேண்டுமா? அறையில் தோட்டா போட்டு வைக்க வேண்டுமா?

தற்செயலாகச் சுடாமல் தடுக்கும் இந்த லிவர் இருந்தால் ஒவ்வொரு தடவை உருவும்போதும் கட்டைவிரல் தானாகக் கீழே தள்ளப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் வராதவரை லிவர் உங்களுக்கு எதிரி. லிவர் இல்லாத துப்பாக்கிக்கு உறைதான் சேஃப்டி.

அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில்) தோட்டா போட்டு எடுத்துப் போவதுதான் பரவலான வழக்கம், நானும் அப்படித்தான். ஆபத்து நேரத்தில் இரண்டு கையும் சும்மா இருக்கும் என்று யாரும் உறுதி தரமுடியாது. ஆனால் புதிதாகத் தொடங்கும்போது பயமாக இருந்தால், தோட்டாக்களை எல்லாம் எடுத்துக் காலியாக்கிய துப்பாக்கியை இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே இடுப்பில் வைத்துச் சுற்றுங்கள், உட்காருங்கள், குனியுங்கள், எதுவும் விசையைத் தொடவில்லை என்று உங்கள் கண்ணாலேயே பார்த்தபிறகு பயம் போகும். ஒரே தோட்டாவைத் தினமும் அறைக்குள் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்காதீர்கள். குண்டு கூட்டுக்குள் அமுங்கிப்போகும், அழுத்தம் எகிறும்.

ஹோல்ஸ்டருக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

துப்பாக்கியில் மிச்சம் பிடித்தாவது நல்ல உறை வாங்குங்கள். கைடெக்ஸ் என்கிற கடினப் பிளாஸ்டிக்கில், உங்கள் மாடலுக்கென்றே வார்த்தது, விசையை முழுதாக மூடவேண்டும், தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் விழக்கூடாது. எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று விற்கும் துணி உறை வேண்டாம், துணி மடிந்து விசைக்குள் நுழைந்தால் திரும்ப வைக்கும்போது தொடையில் சுட்டுக்கொள்வீர்கள். அகலமான விறைப்பான பெல்ட்டும் கூடவே வாங்குங்கள், துப்பாக்கி தொங்காமல் நிற்பது பெல்ட்டால்தான்.

டாலஸ் வெயிலில் ஜாக்கெட் போட முடியாது, அதனால் இடுப்புக்கு உள்பக்கம், தொப்புளுக்குக் கொஞ்சம் வலது தள்ளி வைத்து மேலே ஒரு தொளதொள சட்டை, இதுதான் எனக்குச் சரிப்பட்டது. குர்தாவுக்குள் என்ன வைத்தாலும் தெரியாது, ஆனால் நீளமான துணியைத் தூக்கிவிட்டு உருவப் பழகவேண்டும். சேலை, சல்வாருக்கு பெல்ட் கிடையாது, அதற்கு வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை உறைகள் இருக்கின்றன, விசைப்பகுதியில் கடினமான மூடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பேண்ட் பாக்கெட்டில் போட்டாலும் பாக்கெட் உறை கட்டாயம், அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் கூடாது. வாரம் ஒருமுறை பஞ்சையும் வியர்வையையும் துடையுங்கள்.

கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊரில், கடைக்குப் போயிருந்த ஒரு தாயின் கைப்பையிலிருந்து அவருடைய இரண்டு வயதுக் குழந்தை துப்பாக்கியை எடுத்தது, வெடித்து அந்தத் தாய் அங்கேயே இறந்தார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி ஜிப் அறையோடு தைத்த பை அது. பை தோளை விட்டு இறங்கும், வண்டியில் இருக்கும், நாற்காலியில் தொங்கும். துப்பாக்கி உடம்போடு இருக்கவேண்டும், இல்லையென்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்கவேண்டும்.

வாங்கியபிறகு எவ்வளவு சுட்டால் நம்பலாம்?

குறைந்தது 200 சாதாரணத் தோட்டா, பிறகு நீங்கள் எடுத்துப்போகும் தோட்டாவிலேயே 50, ஒரு தடவைகூட அடைக்காமல் ஓடவேண்டும். குட்டித் துப்பாக்கிகள் மணிக்கட்டு தளர்ந்தால் அடைத்துக்கொள்ளும், ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாது, அதனால் அடைத்தால் முதலில் உங்கள் பிடியைப் பாருங்கள், பிறகு துப்பாக்கியைக் குறைசொல்லலாம். பயிற்சிக்கு என் அளவுகோல்: ஏழு கெஜத்தில் ஒரு டிபன் தட்டு, உருவி ஐந்து குண்டு, எல்லாம் தட்டுக்குள். மாதம் ஒருமுறை இதைச் செய்ய நேரமில்லை என்றால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இடுப்பிலிருந்து கழற்றும் நொடியில் பெட்டிக்குள் போகவேண்டும். கைரேகையோ எண்ணோ அழுத்தித் திறக்கும் சின்ன இரும்புப் பெட்டி போதும், அதை ஏதாவதோடு கம்பியால் பிணைத்துவையுங்கள். அலமாரி மேல்தட்டு ஒளிவிடம் இல்லை, குழந்தைகளுக்கு எல்லாம் தெரியும். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குத் துப்பாக்கி கைக்கு எட்டும்படி விட்டால் பெற்றவர்மேல் வழக்கு வரும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், நம் வீடுகளில் இதைப் பேசமாட்டோம். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அதில் 26,328 பேர் தற்கொலை. வீட்டில் யாராவது மனம் உடைந்து இருக்கிறார்கள் என்றால், வேலை போனவரோ, தூக்கமில்லாமல் தவிக்கும் பிள்ளையோ, நீங்களேயோ, அந்தக் காலம் முழுக்கத் துப்பாக்கி வீட்டில் இருக்கவேண்டாம். சில கடைகளும் ரேஞ்ச்களும் வாங்கி வைத்துக்கொள்கின்றன, கேளுங்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

எங்கெல்லாம் கொண்டுபோகக்கூடாது?

தபால் அலுவலகம், நீதிமன்றம், பள்ளி வளாகம், விமான நிலையத்தில் சோதனைக்கு அப்பால். டெக்சாஸில் வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்க விற்கும் மதுவில் வரும் கடைகளில் சிவப்பில் 51 என்று பலகை இருக்கும், உள்ளே போகக்கூடாது. கோயிலோ கடையோ வாசலில் 30.06 பலகை வைத்திருந்தால் லைசென்ஸ் இருப்பவரும் மறைத்து எடுத்துப்போகக் கூடாது. பண்டிகை நாளில் கோயிலுக்குக் கிளம்பும் முன் இதை யோசித்துவிடுங்கள், காரிலேயே விட்டுப் போவதென்றால் காருக்குள் பூட்டுப் பெட்டி வேண்டும், வண்டியை உடைத்துத் திருடுபவர்களுக்கு முதலில் வேண்டியது அதுதான்.

இந்தியா போகும்போது?

துப்பாக்கியை யாரும் எடுத்துப்போக மாட்டார்கள், தெரியும். மாட்டிக்கொள்வது தோட்டாவால். ரேஞ்சுக்கு எடுத்துப்போன முதுகுப்பையை அலசாமல் துணியைத் திணித்து ஊருக்குக் கிளம்புவார்கள், அடியில் ஏதோ மூலையில் ஒரு 9 எம்எம் கிடக்கும். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி இந்தியாவில் உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருப்பதும் குற்றம், திரும்பி வரும்போது அங்கே ஸ்கேனரில் அது தெரிந்தால் வழக்குதான். பையில் இருப்பது தெரியாது என்று நிரூபித்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்துகொண்டவர்கள் உண்டு, ஆனால் அதற்குள் விமானம் போய், விடுமுறை போய், வக்கீல் பின்னால் அலைந்து முடித்திருப்பார்கள். ரேஞ்சுக்கென்று ஒரு பை தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிடுங்கள், அந்தப் பையை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். பயணத்துக்கு முன் ஜாக்கெட் பாக்கெட்டையும் ஒருமுறை வெளியே இழுத்துப் பாருங்கள்.